கவிழ்த்து வைத்த துரும்பு: ஆர்பிஜி விளையாட்டுகளில் ஆச்சரியம் எப்படிப் பிறக்கிறது?

சனிக்கிழமைகளில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு சிறிய அறையில், வீடியோ கேம் உருவாக்கக் கற்கும் சில பிள்ளைகளுடன் உட்கார்ந்திருப்பது என் வழக்கம். அவர்களில் ஒருவன் தான் செய்த முதல் விளையாட்டை மடிக்கணினியில் கொண்டுவந்தான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பையன். மூன்று மாதம் இரவிரவாக உழைத்திருந்தான்.

அந்த விளையாட்டில் பத்து அடி நடந்தால் ஒரு பேய் வரும். பெட்டியைத் திறந்தால் சிலவேளை பொன் இருக்கும், சிலவேளை வெடிக்கும். பாதிக் கதையில், கூடவே வந்த தோழன் ஒரு காரணமும் இல்லாமல் கத்தியை உருவிக் கதாநாயகனைக் குத்துவான். ஆடிப் பார்த்த ஐந்து பேரும் கால் மணி நேரத்தில் மடிக்கணினியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

"ஆச்சரியம் வேண்டும் என்றுதானே சொன்னீர்கள், சேர்? அடிக்கு ஒன்று வைத்திருக்கிறேன். ஏன் ஒருவருக்கும் பிடிக்கவில்லை?" என்று கேட்டான்.

பிழை அவனுடையது அல்ல. ஆச்சரியம் என்ற சொல்லை எல்லோரும் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். எதிர்பாராதது எதுவும் ஆச்சரியம், கணிக்க முடியாதது எல்லாம் சுவாரசியம், கதையில் ஒரு திருப்பம் வைத்தால் போதும் என்றுதான் விமர்சனங்களும் பேசுகின்றன, பையன்களும் பேசுகிறார்கள். ஆச்சரியம் என்பது உண்மையில் எப்படி இயங்குகிறது என்று அன்று அவனுக்குச் சொன்னதை, இந்த விளையாட்டுகளை ஆடியே பார்க்காதவருக்கும் விளங்கும்படி இங்கே எழுதுகிறேன்.

ஆர்பிஜி என்றால் என்ன?

ரோல் பிளேயிங் கேம் என்பதன் சுருக்கமே ஆர்பிஜி. ஆடுபவர் ஒரு பாத்திரத்தை ஏற்று, ஊர் ஊராகப் போய், சண்டையிட்டு, பேசி, அந்தப் பாத்திரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்தெடுக்கும் விளையாட்டு. 1974 இல் அமெரிக்காவில் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டுத்தான் இதற்கு மூலம். தாளும் பென்சிலும் பகடையும் வைத்துக்கொண்டு நண்பர்கள் சேர்ந்து ஆடுவது. அதன் விதிகளிலேயே ஆச்சரியத்துக்கு ஓர் இடம் இருந்தது: இரு தரப்பும் திடீரென்று எதிர்ப்பட்டால் ஆறுமுகப் பகடையை உருட்ட வேண்டும், ஒன்றோ இரண்டோ விழுந்தால் அந்தத் தரப்பு திகைத்துப்போய் நின்றுவிடும். அந்த விதி திகைக்க வைப்பது பாத்திரத்தை. இந்தக் கட்டுரை பேசுவது, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதர் திகைப்பதைப் பற்றி.

மற்ற வகை விளையாட்டுகளை விட ஆர்பிஜியில் இது கனமான விடயம். பல ஆர்பிஜிகளை ஆடி முடிக்க முப்பது, நாற்பது மணி நேரம் செல்லும். அவ்வளவு நேரம் ஓர் உலகத்துக்குள் இருப்பவருக்குப் பழக்கங்கள் உண்டாகின்றன. எங்கே ஆபத்து, எங்கே பாதுகாப்பு, யாரை நம்பலாம் என்றெல்லாம் ஒரு கணக்கு மனத்தில் விழுந்துவிடுகிறது. நல்ல வடிவமைப்பாளர் அந்தக் கணக்கோடுதான் விளையாடுகிறார்.

கிணற்று வாளி

எங்கள் வீட்டுக் கிணற்றில் கயிறு கட்டித் தண்ணீர் அள்ளியவர்களுக்கு இது தெரியும். வாளி தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்கிறது. நிரம்பிவிட்டது என்று நினைத்து விசையோடு இழுக்கிறோம். ஆனால் வாளி சரியாமல் வெறுமையாக மிதந்துகொண்டிருந்திருக்கிறது. கை பின்னால் பறக்கிறது, உடம்பே ஒரு துள்ளுத் துள்ளுகிறது.

ஒரு வெறும் வாளி ஏன் நம்மைத் துள்ள வைத்தது? வாளியைத் தூக்குமுன்பே அதன் பாரத்தை உடம்பு கணித்துவிட்டது. தோளும் கையும் அந்தப் பாரத்துக்கு ஏற்ற விசையைத் தயார்செய்துவிட்டன. கணித்த பாரத்துக்கும் உண்மைப் பாரத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசம்தான் அந்தத் துள்ளல். வாழ்க்கையில் ஒரு முறைகூடத் தண்ணீர் அள்ளாத ஒருவர் முதல் தடவையே வெறும் வாளியைத் தூக்கினால் அவருக்குத் துள்ளல் வராது. இவ்வளவுதான் பாரம் போலும் என்று தூக்கிவிட்டுப் போவார்.

ஆச்சரியத்தின் அடிப்படைப் பொறிமுறை முழுவதும் இந்த வாளிக்குள் இருக்கிறது. மூளை ஓயாமல் அடுத்து என்ன வரும் என்று கணித்துக்கொண்டே இருக்கிறது. கணிப்புத் தவறும்போது அந்தத் தவறையே கவனிக்கிறது. 1990களில் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டின. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது குரங்கின் மூளையில் டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் நரம்புக் கலங்கள் துடித்தெழுந்தன. ஓர் அடையாளத்துக்குப் பின் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகு, சாறு வரும்போது அந்தத் துடிப்பு இல்லை. அடையாளத்தைக் கண்டதுமே வந்துவிட்டது. அடையாளம் வந்தும் சாறு வராவிட்டால், சாறு வந்திருக்க வேண்டிய அந்தக் கணத்தில் துடிப்பு வழக்கத்தை விடத் தாழ்ந்தது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இந்த வித்தியாசத்துக்கு வெகுமதிக் கணிப்புப் பிழை என்று பெயர்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில் ஆச்சரியம் பிறக்காது. ஆகவே ஆச்சரியப்படுத்த விரும்புபவரின் முதல் வேலை எதிர்பார்ப்பைக் கட்டுவது. என் மாணவனின் விளையாட்டில் முதல் அடியிலிருந்தே எதுவும் நடக்கலாம். எதுவும் நடக்கலாம் என்றால் ஆடுபவர் எதையும் கணிக்கப்போவதில்லை. கணிக்காதவரின் கணிப்பை எப்படிப் பொய்யாக்குவது?

முந்நூற்றுநாலு கற்றுத்தரும் பாடம்

இதற்கு எங்கள் ஊரிலேயே அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. முந்நூற்றுநாலு என்ற சீட்டாட்டம் ஆடாத விறாந்தை யாழ்ப்பாணத்தில் குறைவு. செத்தவீட்டு இரவுகளிலும், கோயில் திருவிழாவுக்கு வந்த உறவினர் கூடும் மத்தியானங்களிலும் பாய் விரித்து, நான்கு பேர் இரண்டு கட்சியாக உட்கார்ந்துவிடுவார்கள். 32 கடதாசிகள், அவற்றின் புள்ளிகள் எல்லாம் சேர்ந்து 304. முதலில் ஆளுக்கு நான்கு கடதாசி. அந்த நான்கை மட்டும் வைத்துக் கேள்வி, அதாவது ஏலம், தொடங்கும். கூடக் கேட்டவர் தன் கையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்துத் தரையில் கவிழ்த்து வைப்பார். அதுதான் துரும்பு, மற்ற இனங்களை வெட்டும் இனம். அது எந்த இனம் என்று அவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது, அவருடைய கூட்டாளிக்கும் தெரியாது.

கோண்டாவிலில் பெரியப்பா வீட்டு விறாந்தையில் நான் பார்த்த ஓர் ஆட்டம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மூன்றாவது சுற்று. எதிர்க்கட்சிக்காரர் கையில் இறங்கிய இனம் இல்லை. ஒரு கடதாசியைக் கவிழ்த்துப் போட்டார். விதிப்படி அதைத் துரும்பு வைத்தவர் மட்டும் எடுத்துப் பார்க்கலாம். துரும்பாக இருந்தால் எல்லோருக்கும் காட்டி வெட்டாக்க வேண்டும்; இல்லாவிட்டால் மற்றவர்கள் பார்க்காமலே அது மற்றக் கடதாசிகளோடு போய்விடும். பெரியப்பா அதை எடுத்து நெஞ்சருகே வைத்துப் பார்த்தார். முகத்தில் ஓர் அசைவும் இல்லை. பிளேன் டீயை ஒரு மிடறு குடித்தார். பிறகு இரண்டு கடதாசிகளையும், போடப்பட்டதையும் தான் கவிழ்த்து வைத்ததையும், ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக மெல்லத் திருப்பி வைத்தார். விறாந்தை முழுவதும் ஒரு சத்தம் எழுந்தது.

அந்தச் சத்தத்தை எழுப்பியது எது? 32 கடதாசிகளும் எவை என்று எல்லோருக்கும் தெரியும். விதிகள் மனப்பாடம். துரும்பு ஒன்று இருக்கிறது என்பதும் கண்முன்னே தெரிகிறது. தெரியாதது ஒன்றே ஒன்றுதான். தெரிந்தவை அத்தனையும் சேர்ந்துதான் தெரியாத அந்த ஒன்றுக்குப் பாரத்தைக் கொடுக்கின்றன.

இதே ஆட்டத்தை முதன்முதலாகப் பார்க்கும் ஒருவருக்கு வேறொன்று அதிர்ச்சி தரும்: ஒன்பது என்ற கடதாசி ஏஸை வெல்கிறது. மற்ற ஆட்டங்களில் பழகியவர் "இது என்ன அநியாயம்?" என்பார். அது விதி தெரியாததால் வந்த குழப்பம். குழப்பத்தையும் ஆச்சரியத்தையும் ஒன்றாக எண்ணுவதுதான் புதிய வடிவமைப்பாளர்கள் செய்யும் முதல் தவறு. ஆட்டக்காரருக்கு விதியைச் சொல்லாமல் விட்டுவிட்டு, அவர் தடுமாறுவதைப் பார்த்துத் திகைத்துவிட்டார் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

எழுமாற்று வேறு, ஆச்சரியம் வேறு

கணித வகுப்பில் எழுமாற்றுப் பரிசோதனை என்று படித்திருப்போம்: முடிவு இன்னதென்று முன்கூட்டிச் சொல்ல முடியாத, ஆனால் சாத்தியமான முடிவுகள் எவை என்று தெரிந்த பரிசோதனை. நாணயம் சுண்டுவது, தாயக்கட்டை உருட்டுவது. ஆர்பிஜிகளில் எழுமாற்றுக்குக் குறைவில்லை. அடி படுமா தவறுமா, பெட்டியில் என்ன இருக்கும், புதருக்குள் என்ன பாயும் என்பவற்றையெல்லாம் ஓர் எண்தான் தீர்மானிக்கிறது.

கணினிக்குக் கட்டை உருட்டத் தெரியாது. ஒரு தொடக்க எண்ணை எடுத்து, பெருக்கி, கூட்டி, வகுத்து வரும் மீதியைப் பயன்படுத்துகிறது. அதையே மறுபடி பெருக்கி அடுத்த எண்ணைப் பெறுகிறது. அந்தத் தொடக்க எண்ணுக்கு விதை என்று பெயர். ஒரே விதையை இட்டால் ஒரே வரிசைதான் முளைக்கும். ஆட்டக்காரருக்கு அது தெரியாததால் எழுமாற்றாகத் தோன்றுகிறது.

இங்கே பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு. நூற்றுக்கு ஒன்று என்ற நிகழ்தகவில் கிடைக்கும் வாள் ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். நூறு தடவை முயன்றால் கிடைத்துவிடும் என்றுதான் மனம் சொல்லும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. ஒவ்வொரு முயற்சியிலும் கிடைக்காமல் போக 0.99 நிகழ்தகவு, அதை நூறு தடவை தன்னோடு பெருக்கினால் ஏறக்குறைய 0.37. நூறு முயற்சி செய்த பிறகும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆட்டக்காரர்கள் வெறுங்கையோடு நிற்பார்கள். அவர்களுக்கு வருவது எரிச்சல். சுத்தமான எழுமாற்று மனிதருடைய எதிர்பார்ப்பைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

அதனால் வடிவமைப்பாளர்கள் பகடையைச் சற்று வளைக்கிறார்கள். ஃபயர் எம்பளம் என்ற ஜப்பானியத் தொடரில், 2002 இல் வந்த பாகத்திலிருந்து பல பாகங்களில், ஒரு நுட்பம் இருக்கிறது. அடி படுமா என்று பார்க்க ஓர் எண்ணுக்குப் பதிலாக இரண்டு எண்களை எடுத்து அவற்றின் சராசரியைப் பார்க்கிறார்கள். இதனால் திரையில் 90 சதவீதம் என்று காட்டும் அடி உண்மையில் 98.1 சதவீதம் படும். 10 சதவீதம் என்று காட்டுவது உண்மையில் 2.1 சதவீதம்தான். ஏன் இப்படி? நாங்கள் 90 என்று கண்டால் 'நிச்சயம்' என்றும் 10 என்று கண்டால் 'நடக்காது' என்றும் வாசிக்கிறோம். அந்த வாசிப்புக்குப் பக்கத்தில் எண்ணைக் கொண்டுபோகிறார்கள். வேறு சிலர் பந்துப்பை முறையைக் கையாள்கிறார்கள்: பையிலிருந்து எடுத்த பந்தைத் திரும்பப் போடாமல், பை வெறுமையாகும்வரை எடுப்பது. சிவப்புப் பந்து பிந்தி வரலாம், ஆனால் வராமல் போகாது.

அப்படியென்றால் எழுமாற்றால் ஆச்சரியமே உண்டாகாதா? உண்டாகும், வழக்கம் ஒன்று ஆழமாக வேரூன்றிய இடத்தில். 1996 இல் ஜப்பானில் தொடங்கிய போக்கிமொன் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். உயர்ந்த புல்லுக்குள் நடந்தால் காட்டுயிர் பாயும். பாதையில் நடந்தால் பாயாது. எங்கே என்பது தெரியும், எப்போது என்பதுதான் தெரியாது. ஒரே பிராணியை ஒரே நிறத்தில் நூற்றுக்கணக்கான தடவை பார்த்துச் சலித்துப்போன ஒருநாள், அது வேறு நிறத்தில் மினுக்கத்தோடு வந்து நிற்கும். 1999 இல் வந்த இரண்டாம் தலைமுறைப் பாகங்களில் இதற்கான நிகழ்தகவு 8192 இல் ஒன்று. நிறம் மாறியதே தவிர, ஆட்டக்காரரின் கண்ணில் பட வேறு பெரிய மாற்றம் இல்லை. ஆனாலும் அதைக் கண்ட நாளைப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்காக நினைவு வைத்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான சாதாரண சந்திப்புகள்தான் அந்த ஒன்றைக் கட்டியெழுப்பின.

மீட்டுப் பார்ப்போம். எழுமாற்று ஒரு கருவி மட்டும். அதன் முடிவு மனத்தில் பதிந்த ஒரு வழக்கத்தில் மோதும்போது ஆச்சரியமாகும். மோத வழக்கமே இல்லாதபோது வெறும் இரைச்சலாகும்.

அளாப்பி

இனி, என் பார்வையில் இந்த விடயத்தின் இதயமான பகுதி.

ஒரு பொங்கல் விடுமுறையில் அக்காவின் மகன் எங்கள் வீட்டில் நின்றான். பதினான்கு வயது. டார்க் சோல்ஸ் என்ற 2011 ஆம் ஆண்டு விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தான். சென் கோட்டை என்ற, பொறிகள் நிறைந்த இடத்தை மிகுந்த கஷ்டப்பட்டுக் கடந்து, ஒரு பெட்டகத்தைக் கண்டு, ஆசையோடு திறந்தான். பெட்டகத்துக்குப் பல் முளைத்தது. அவனுடைய வீரனை இடுப்போடு கவ்வியது.

"அளாப்பி! இது அளாப்பி விளையாட்டு, மாமா!"

அளாப்பி என்ற சொல்லை அறியாத மற்ற ஊர்க்காரருக்காக: விளையாட்டில் விதியை மீறி ஏமாற்றுவதைத்தான் நாங்கள் அளாப்புதல் என்கிறோம். கிளித்தட்டில் கோட்டைத் தாண்டிவிட்டுத் தாண்டவில்லை என்று சாதிப்பவன் அளாப்பி.

நான் அவனைத் திரும்பவும் அதே பெட்டகத்தின் முன்னால் போய் நிற்கச் சொன்னேன். திறக்காதே, பார் என்றேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, முன்பு அவன் திறந்த ஒரு சாதாரணப் பெட்டகத்தை நினைவுபடுத்தினேன். பெட்டகத்தின் பக்கத்தில் ஒரு சங்கிலி கிடக்கும். இந்தப் பெட்டகத்தில் அந்தச் சங்கிலி வேறு விதமாகக் கிடந்தது. அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு வாளால் பெட்டகத்தில் ஓங்கி அடித்தான். அது எழுந்து நின்றது. இந்த முறை அவன் தயாராக இருந்தான். அன்று முழுவதும் ஒவ்வொரு பெட்டகத்தின் முன்னும் குனிந்து சங்கிலியைப் பார்த்துக்கொண்டே போனான்.

பெட்டகமாக வேடமிடும் இந்த விலங்கின் பெயர் மிமிக். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் காலத்திலிருந்தே இருக்கும் பழைய பிராணி. அந்தச் சங்கிலிதான் நியாயத்தையும் அளாப்பையும் பிரிக்கும் கோடு. ஆச்சரியம் நிகழ்வதற்கு முன்பே அதன் அடையாளம் ஆட்டக்காரரின் கண்முன் இருந்திருக்க வேண்டும். அவர் அதைக் கவனிக்காமல் விட்டிருக்க வேண்டும். இப்படி முன்கூட்டியே வைக்கும் அடையாளத்துக்கு முன்குறிப்பு என்று பெயர். முன்குறிப்பு இருந்தால், அடிபட்டவர் திரும்பிப் பார்த்து "அடடா, தெரிந்திருக்க வேண்டும்" என்பார். இல்லாவிட்டால் "எப்படித் தெரிந்திருக்க முடியும்?" என்பார். முதலாமவர் இன்னும் கவனமாக ஆடத் தொடங்குவார். இரண்டாமவர் எழுந்து போய்விடுவார்.

என் மாணவனின் விளையாட்டில் வெடிக்கும் பெட்டிக்கும் வெடிக்காத பெட்டிக்கும் ஒரு வேறுபாடும் இல்லை. அங்கே கவனத்துக்கு வேலையே இல்லை. ஆடுபவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: பெட்டியைத் திறக்காமல் விடுவது. அப்படியே விட்டார்கள்.

உங்கள் செயலே உங்களிடம் திரும்பி வந்தால்

ஆர்பிஜிக்கு மட்டும் வாய்த்த ஓர் ஆச்சரியம் இருக்கிறது. கதைப் புத்தகத்தில் வாசகர் எதுவும் செய்வதில்லை. இங்கே ஆட்டக்காரர் செய்கிறார். ஆகவே அவர் செய்ததையே எடுத்து அவர் முன் வைக்கலாம்.

1995 இல் வெளிவந்த குரோனோ டிரிகர் இதைச் செய்த விதம் இன்றும் பாடமாக வைக்கத் தக்கது. தொடக்கத்தில் ஒரு திருவிழா. நல்லூர்த் திருவிழாக் கடைத்தெருவைப் போலச் சனமும் சத்தமும் விளையாட்டுகளும். ஒரு பெண்ணோடு மோதிக்கொள்கிறீர்கள். அவளுடைய பதக்கம் கீழே விழுகிறது. ஓரிடத்தில் யாரோ ஒரு முதியவருடைய மதியச் சாப்பாடு கிடக்கிறது, தொட்டால் சாப்பிட்டுவிடலாம். ஒரு சிறுமி தன் பூனையைத் தேடுகிறாள். ஆர்பிஜி ஆடிப் பழகிய எவரும் யோசிக்காமல் எல்லாவற்றையும் எடுப்பார்கள், ஏனென்றால் கிடப்பதை எடுப்பது இந்த வகை விளையாட்டுகளின் எழுதாத சம்பிரதாயம். கதை நகர்கிறது, திருவிழா மறந்துபோகிறது. பிறகு ஒருநாள் உங்களை நீதிமன்றத்தில் நிறுத்துகிறார்கள். சாட்சிகள் வருகிறார்கள். அந்தப் பெண் விழுந்தபோது முதலில் அவளைப் பார்த்தீர்களா, பதக்கத்தைப் பொறுக்கினீர்களா? அந்த முதியவரின் சாப்பாட்டை யார் உண்டது? பூனையைச் சிறுமியிடம் கொண்டுபோய்க் கொடுத்தீர்களா?

நான் முதல் முறை ஆடியபோது அந்தச் சாப்பாட்டை உண்டிருந்தேன். விளையாட்டு அதை எண்ணி வைத்திருந்தது என்று தெரிந்தபோது காதுவரை சூடேறியது. அந்த வெட்கம் உண்மையான வெட்கம். கவிழ்த்து வைத்த துரும்பு இங்கே ஆட்டக்காரரின் சொந்தக் கையால் வைக்கப்பட்டிருக்கிறது, அவருக்கே தெரியாமல்.

2015 இல் டோபி ஃபொக்ஸ் உருவாக்கிய அண்டர்டேல் இதை இன்னும் ஒரு படி முன்னே கொண்டுபோனது. தவறு செய்துவிட்டால் பழைய சேமிப்புக்கு, அதாவது முன்பு ஆட்டத்தைப் பதிந்து வைத்த இடத்துக்கு, திரும்பி வேறு விதமாக ஆடுவது எல்லோருக்கும் வழக்கம். இந்த விளையாட்டில் தொடக்கத்தில் அன்பாகப் பார்த்துக்கொண்ட ஒருத்தியைக் கொன்றுவிட்டு, மனம் கேட்காமல் சேமிப்புக்குத் திரும்பி, அவளைக் காப்பாற்றிவிட்டு நடந்தால், ஒரு பாத்திரம் குறுக்கே வந்து நீங்கள் முதலில் என்ன செய்தீர்கள் என்பதைச் சொல்லிக் காட்டும். சேமிப்புக்கு வெளியே நிற்பதாக நாம் நினைத்திருந்த நம் செயலும் கதைக்குள் வந்துவிடுகிறது.

கூத்தும் ஆச்சரியமும்

பதற்றத்தையும் ஆச்சரியத்தையும் மாற்றிச் சொல்வதும் பரவலான குழப்பம். காத்தவராயன் கூத்து ஆடும் இரவில் களரியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் கதை தெரியும். காத்தவராயன் கழுமரம் ஏறுவான் என்பது தெரியும். ஆனாலும் விடியும்வரை ஒருவரும் எழுந்து போவதில்லை. கழுமரக் கட்டம் நெருங்க நெருங்கக் குழந்தைகளைக்கூட எழுப்பி உட்கார வைக்கிறார்கள். இது பதற்றம்: வரப்போவது தெரிந்தும், வரும் வரைக்குமான தவிப்பு. ஆச்சரியம் ஒரு நொடி. பதற்றம் ஓர் இரவு.

நல்ல ஆர்பிஜிகளில் ஒன்று மற்றதாக மாறுகிறது. 1997 இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி ஏழாம் பாகத்தில் ஏரித் என்ற தோழி கதையின் நடுவே கொல்லப்படுகிறாள். அதுவரை சண்டையில் விழுந்தவர்களை ஒரு மருந்துப் பொருளால் எழுப்பிவிடலாம். நம்மோடு சேர்ந்து வளரும் பாத்திரம் இறுதிவரை வரும் என்பதும் எழுதாத விதி. அவளைப் பலப்படுத்த ஆட்டக்காரர் செலவிட்ட மணித்தியாலங்கள் அவளோடு போய்விடுகின்றன. அதன் பின் வரும் சண்டைகளுக்கு ஆட்களைத் தெரிவு செய்யும்போதெல்லாம் அவள் பெயர் இல்லாத பட்டியலைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதே விளையாட்டை இரண்டாம் முறை ஆடுபவருக்கு அது கூத்தாகிவிடுகிறது. அவள் சிரிக்கும் ஒவ்வொரு காட்சியிலும் கழுமரம் தெரிகிறது. ஒரு தடவையோடு தீர்ந்துபோகும் திருப்பம் மலிவானது என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆச்சரியத்தை விலைக்கு விற்றால்

ஒன்றை மட்டும் பெற்றோருக்காகச் சேர்க்க வேண்டும். கைபேசி ஆர்பிஜிகள் பலவற்றில், காசு கொடுத்துத் திறக்கும் எழுமாற்றுப் பெட்டிகள் இருக்கின்றன. ஜப்பானிய வழக்கில் இதைக் கச்சா என்பார்கள். 2020 இல் வந்த கென்ஷின் இம்பாக்டில் உயர்ந்த தரப் பாத்திரமோ ஆயுதமோ கிடைக்க ஒரு முயற்சிக்கு அடிப்படை நிகழ்தகவு 0.6 சதவீதம், தொண்ணூறாவது முயற்சிக்குள் ஒன்று நிச்சயம். ஷுல்ட்ஸின் குரங்குக்கு வந்த அதே துடிப்புத்தான் இங்கும் வேலை செய்கிறது, ஆனால் கட்டப்பட்ட கதையோ கவனிக்க ஒரு சங்கிலியோ இல்லை. ஜப்பான் 2012 இல் இதன் ஒரு வடிவத்தைத் தடைசெய்தது. பெல்ஜியம் 2018 இல் காசுக்கு விற்கும் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றது. பிள்ளை கைபேசிக்கு ரீலோட் கேட்கும்போது, எதற்கு என்று ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். திட்டுவதற்காக அல்ல, நூற்றுக்கு 0.6 என்றால் என்ன என்பதைச் சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்பதற்காக.

நாய் குரைத்த ஊர்

இவற்றையெல்லாம் பேசிய பிறகு என் மாணவன் இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தான். பேய்களில் பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டிருந்தான். பாழடைந்த கிணறுகளுக்குப் பக்கத்தில் மட்டும் பேய் வரும். வெடிக்கும் பெட்டியின் மூடியில் எறும்பு ஊராது. மற்றப் பெட்டிகளில் ஊரும்.

துரோகம் செய்யும் தோழனை அவன் எடுக்கவில்லை. ஆனால் அவர்கள் இருவரும் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் ஒரு நாய் குரைக்கும். அவ்வளவுதான். அந்நியரைக் கண்டால் நாய் குரைக்கும் என்று ஆடுபவர் நினைத்துக்கொள்வார். இடையில் ஒரேயொரு தடவை, தோழனுக்குக் காய்ச்சல் என்று கதாநாயகன் தனியாகப் பக்கத்து ஊருக்கு மருந்து வாங்கப் போகிறான். அந்த ஊரில் நாய் திண்ணையில் படுத்திருக்கிறது. தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறது.

அன்று வகுப்புக்கு வந்திருந்த ஒரு பிள்ளை அதை ஆடினாள். கத்தி உருவப்பட்ட இடத்தில் "ஐயோ" என்று மடிக்கணினியைத் தள்ளிவிட்டாள். அறையில் ஒருவரும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் அதைத் திரும்ப இழுத்து, பழைய சேமிப்பு ஒன்றைத் திறந்து, முதல் ஊரின் வாசலில் இருவரையும் கொண்டுபோய் நிறுத்தினாள். ஒலியைக் கூட்டினாள். குரைப்புச் சத்தம் அறையை நிறைத்தது. அவள் தோழனை மட்டும் ஓரடி பின்னால் நகர்த்தி, காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.